சித்தத்தின் கவாத்து

1952-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், அமெரிக்காவிலிருந்து பிரேஸிலுக்குச் சென்ற விமானமொன்றில், ஓர் இத்தாலியப் பெண்மணி தம் கைப்பைக்குள் புற்றுக்கட்டி ஏற்றப்பட்ட இரண்டு சுண்டெலிகளை வைத்துக்கொண்டு பிரயாணம் செய்தார். ரீட்டா லெவி-மோன்டால்சினி என்பது அவர் பெயர். ரியோ டி ஜெனீரோவில் அவருடைய சிநேகிதி ஹெர்த்தா மேயர், உயிரணுக்களைக் கண்ணாடியில் வளர்க்கும் வித்தையில் தேர்ந்தவர். அங்கே கோழிக்கருவின் நரம்பு முடிச்சொன்றை எலியின் கட்டித் துணுக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு நாள் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, முடிச்சைச் சுற்றிலும் நுண்ணிய இழைகள் நாலா திசையிலும் பாய்ந்து, மழைக்கு முன் சந்திரனைச் சுற்றிக் கட்டும் ஊர்கோளைப் போல நின்றன. கட்டியிலிருந்து ஏதோ ஒரு சத்து கசிந்து நரம்பை வளரும்படி ஏவுகிறது என்பதற்கு அதைவிடக் கண்கூடான பிரமாணம் வேண்டியிருக்கவில்லை.

அந்த அம்மையாரின் முற்கதையைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1938-இல் முசோலினியின் அரசாங்கம் இயற்றிய இனச் சட்டங்கள், யூதராகப் பிறந்த குற்றத்துக்காக அவரைப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே தள்ளிய பிறகு, டூரின் நகரத்தில் தம் வீட்டுப் படுக்கையறையையே ஆய்வுச்சாலையாக்கி, தையல் ஊசிகளைத் தீட்டிக் கத்தியாக்கி, கோழிமுட்டைக் கருக்களை அறுத்து ஆராய்ந்தவர் அவர். நகரத்தின்மேல் குண்டுகள் விழத் தொடங்கியபோது கிராமத்துக்குப் பெயர்ந்து, அங்கேயும் குடியானவர்களிடம் முட்டை கேட்டு வாங்கித் தம் வேலையைத் தொடர்ந்தார் என்றும், பரிசோதனை முடிந்த முட்டையின் மிச்சம் வீட்டுச் சமையலுக்குப் போயிற்று என்றும் படிக்கும்போது, தலைக்கு மேலே மரணம் பறந்துகொண்டிருக்கையில் ஒரு மனிதப் பிறவி கோழிக்குஞ்சின் நரம்பைப் பற்றிக் கவலைப்பட முடியுமா என்று நமக்குத் தோன்றுகிறது. முடிந்திருக்கிறது. கரு வளரும்போது நரம்பணுக்கள் தேவைக்கு மேல் பிறக்கின்றன. தாம் போய்ச் சேரவேண்டிய தசையிலிருந்தோ தோலிலிருந்தோ போஷணை கிடைக்காதவை மடிகின்றன. இந்தச் சித்தாந்தத்துக்கு அந்தப் படுக்கையறையில்தான் வித்து விழுந்தது.

செயின்ட் லூயிஸில் அவரோடு சேர்ந்து உழைத்த ஸ்டான்லி கோஹன் என்ற ரசாயன நிபுணர், அந்தச் சத்து இன்ன பொருள் என்று நிச்சயிக்கும் பிரயத்தனத்தில், அதனுடன் கலந்திருந்த நியூக்ளிக் அமிலத்தைச் சிதைப்பதற்காகப் பாம்பு விஷத்தைச் சிறிது சேர்த்தார்; சிதைக்கப் போட்ட விஷமே, கட்டியைக் காட்டிலும் பன்மடங்கு வீரியத்தோடு நரம்பை வளர்த்தது. பாம்பின் விஷப்பை உமிழ்நீர்ச் சுரப்பிக்கு உறவுதானே என்ற யோசனை பிறந்து, ஆண் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பார்த்தார்கள். அங்கே அது குவிந்து கிடந்தது. இருவருக்கும் 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது. விஷத்துக்குள் போஷணை இருந்த இந்த விசித்திரத்தை வாசகர் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூளையைப் பற்றிய பேச்சில் அது வேறு வேஷத்தில் மறுபடி வரும்.

அவர்கள் கண்ட சத்து பெரும்பாலும் மூளைக்கு வெளியே ஓடும் நரம்புகளைப் பேணுவது. மூளைக்குள்ளேயே அதன் உடன்பிறப்பு ஒன்று இருக்க வேண்டும் என்று தேடிய ஈவ்-அலென் பார்ட், ஹான்ஸ் தோனென் ஆகியோர், பன்றி மூளையை அரைத்து வடித்து மீண்டும் வடித்து, ஒன்றரைக் கிலோ மூளையிலிருந்து ஏறக்குறைய 1 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் 10 லட்சத்தில் ஒரு பங்கு, பிரித்தெடுத்து 1982-இல் வெளியிட்டார்கள். பி.டி.என்.எஃப். என்று இன்று மருத்துவ உலகில் வழங்கும் மூளை நரம்பு வளர்ச்சிக் காரணி அதுதான். அந்த வேலை நடந்த இடம் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் மனநோயியல் நிறுவனம். அந்த நிறுவனத்தின் மூலவித்தை 1917-இல் மியூனிக் நகரத்தில் ஊன்றியவர் எமில் கிரேபெலின். இன்று மனச்சிதைவு என்று நாம் சொல்லும் நோயைத் தனியொரு வியாதியாகப் பிரித்துக் காட்டியவரும் அவரே. ஒரு நோயைப் பெயரிட்டு எல்லை கட்டியவர் எழுப்பிய கூரையின் கீழேயே, அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, அந்த நோயின் விசாரணையில் முக்கிய சாட்சியாக நிற்கப்போகும் பொருள் கண்டெடுக்கப்பட்டது. கண்டெடுத்தவர்கள் தேடியது என்னவோ நரம்பணுவின் உணவை மட்டுமே.

கிரேபெலின் இந்நோயை இளமையிலேயே வரும் புத்தி மழுக்கம் என்று அழைத்தார். 1908-இல் ஸ்விட்ஸர்லாந்தின் ஆய்கன் பிளாய்லர், மழுக்கம் எல்லோருக்கும் வருவதில்லை, நினைவும் உணர்ச்சியும் செயலும் ஒன்றையொன்று கைவிடுவதே இதன் லக்ஷணம் என்று வாதிட்டு, ஸ்கிட்ஸோஃப்ரினியா என்ற கிரேக்கச் சேர்க்கையை உண்டாக்கினார். நம்முடைய 'மனச்சிதைவு' அதற்கு நாம் பின்னால் செய்துகொண்ட சொல். ஆனால் நம் பாட்டிமார் வழங்கிய சொல் அதைவிட மூத்தது. பைத்தியம் என்பது பித்தம் என்ற வேரிலிருந்து வந்தது. சித்தம் கலங்குவதற்குக் காரணம் சரீரத்துக்குள் ஒரு நீர் மிகுந்து போனதே என்று அந்தச் சொல்லே வைத்தியம் பேசுகிறது. பித்தநீரைக் குற்றவாளியாக்கியது பிழை. குற்றவாளியைச் சரீரத்துக்குள் தேடவேண்டும் என்ற எண்ணம் அவ்வளவு பிழையில்லை. கிரேபெலினும் ஏறக்குறைய அப்படித்தான் எண்ணினார். உடம்புக்குள்ளேயே ஊறும் ஏதோ ஒரு விஷம் மூளையைக் கெடுக்கிறது என்பது அவருடைய ஊகம். ஆல்ஸைமர், நிஸ்ஸல் போன்ற சகாக்கள் நுண்ணோக்கியோடு அருகில் இருந்தும், அந்த விஷத்தின் அடையாளம் எதையும் அவர்களால் காட்ட முடியவில்லை.

இங்கே ஒரு பயங்கரமான இடைக்கதை உண்டு. ஜெர்மனிக்குப் போய்க் கிரேபெலினிடமும் ஆல்ஸைமரிடமும் படித்துத் திரும்பிய ஹென்றி காட்டன் என்ற அமெரிக்க மருத்துவர், 1907-இல் நியூ ஜெர்ஸி மாகாணத்து டிரென்டன் மனநோய் மருத்துவமனையின் தலைவரானார். வந்தவுடன் நோயாளிகளைக் கட்டிவைத்த சங்கிலிகளையும் வார்களையும் அகற்றினார்; ஆகையால் அவரைக் கருணையற்றவர் என்று சொல்வதற்கில்லை. மேகப் புண்ணின் கிருமியே ஒருவகைச் சித்தப் பிரமைக்கு மூலம் என்று 1913-இல், இறந்தவர்களின் மூளையில் அக்கிருமியையே காட்டி, நோகுச்சியும் மூரும் நிரூபித்துவிட்டார்கள். அதைக் கண்ட காட்டன், எல்லாப் பித்துக்கும் எங்கேயோ ஒளிந்திருக்கும் சீழே காரணம் என்ற முடிவுக்குத் தாவினார். முதலில் நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். குணம் தெரியாதபோது உள்நாக்குச் சதையை வெட்டினார். அதன்பின் பெருங்குடலுக்கே கத்தி சென்றது. 100-க்கு 85 பேர் குணமாவதாக அவர் பறைசாற்றினார். குடலறுவைக்குள்ளானவர்களில் 100-க்கு ஏறக்குறைய 30 பேர் மாண்டதாக அவரே ஒப்புக்கொண்டார். ஃபிலிஸ் கிரீனேக்கர் என்ற பெண் மருத்துவர் அனுப்பப்பட்டு, ஏடுகளைப் புரட்டி, இந்தச் சிகிச்சையால் குணம் விளையவில்லை என்று கண்டெழுதிய அறிக்கை அச்சேறவில்லை. தம் சித்தாந்தத்தில் காட்டனுக்கிருந்த நம்பிக்கை கபடமற்றது என்பதற்குச் சான்று, தம் பிள்ளைகளின் பற்களையும் அவர் பிடுங்கச் செய்தார் என்பதே.

மாறாக, வியன்னாவின் வாக்னர்-யாரெக், அதே மேகப் பித்தர்களின் உடலில் 1917-இல் மலேரியா இரத்தத்தை ஏற்றி ஜுரம் உண்டாக்கி, சிலரை மீட்டு, 1927-இல் நோபல் பரிசும் பெற்றார். ஒருவர் சரீரத்தின் கொதிப்பை அணைக்கப் பார்த்தார், மற்றவர் கொளுத்தினார்; இருவரும் ஒரே காலத்து மனிதர்கள்.

காட்டனை நான் ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொன்னேன் என்றால், உடம்பின் அழற்சி சித்தத்தைக் கலக்கக்கூடும் என்ற அவருடைய மூல எண்ணம் இன்று, நாகரிகமான உடையில், திரும்பி வந்திருக்கிறது. அது வந்த விதம் எனக்கு முதலில் தெரிந்தது புஸ்தகத்தின் மூலமாக அன்று. சில வருஷங்களுக்கு முன் எங்கள் தெருவில் குடியிருந்த அம்மாள் ஒருவர், பத்திரிகைத் துண்டொன்றைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு வந்தார். அவருடைய மகனுக்கு இருபது வயதில் யாருமில்லாத இடத்தில் குரல்கள் கேட்கத் தொடங்கி, படிப்பு நின்றுபோயிற்று. "சார், இவன் வயித்துல இருந்தப்ப எனக்கு ஒரு வாரம் ஜுரம். ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு வேலைக்குப் போனேன். அதனாலயா இப்படி?" என்று கேட்டார். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை, காலம் தாழ்ந்த பதில்.

அவர் கையிலிருந்த துண்டில் இருந்த செய்தியின் வேர் பின்லாந்தில் இருக்கிறது. 1957-இல் உலகைச் சுற்றிய இன்ஃப்ளூயன்ஸா ஹெல்சிங்கியைத் தாக்கியபோது கர்ப்பத்தின் நடு மாதங்களில் இருந்தவர்களின் பிள்ளைகளில், வளர்ந்த பிறகு, மனச்சிதைவு கூடுதலாகக் காணப்பட்டது என்று சார்னாஃப் மெட்னிக் குழுவினர் 1988-இல் எழுதினார்கள். பின்வந்த ஆய்வுகளில் சில ஆமோதித்தன, சில மறுத்தன. ஜுரம் மட்டுமல்ல, பசியும் அப்படியே. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை உணவு வழியை மறித்ததால் ஹாலந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்த மாதங்களில் கருவுற்ற சிசுக்களில் இந்நோய் ஏறக்குறைய இருமடங்கு. கலிஃபோர்னியாவில் பால் பேட்டர்ஸன் இன்னும் நுணுக்கமாகப் போனார். சினைச் சுண்டெலிக்குக் கிருமியே இல்லாமல், கிருமி வந்தபோது உடம்பு தானே சுரக்கும் இன்டர்லூகின்-6 என்ற தூதுப்பொருளை மட்டும் ஒருமுறை ஊசியில் ஏற்ற, பிறந்த குட்டிகள் வளர்ந்தபின் நடத்தையில் மாறுபட்டன. சிசுவைத் தீண்டியது பகையின் படை அன்று. கோட்டைக்குள்ளிருந்தே எழுந்த போர்முரசு.

அந்த முரசு கேட்டு மூளைக்குள் விழித்தெழுவது மைக்ரோக்லியா என்ற உயிரணு. 1919-இல் மாட்ரிட் நகரத்தில் பியோ டெல் ரியோ ஓர்தேகா, வெள்ளிச் சாயமேற்றி இதை முதன்முதலில் தெளிவாகக் காட்டிய நாளிலிருந்து வெகுகாலம், இதைக் காவற்காரனாகவும் குப்பை கூட்டுபவனாகவும் மட்டுமே எண்ணியிருந்தார்கள். அதற்கு வேறொரு தொழில் உண்டென்று இப்போது தெரிகிறது, அது கவாத்து. தேயிலைத் தோட்டத்திலோ ரோஜாப் பாத்தியிலோ கவாத்துப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: செடி தழைக்க வேண்டுமானால் கிளையை வெட்டியாக வேண்டும். குழந்தையின் மூளை நரம்பிணைப்புகளை அபரிமிதமாகப் பின்னிவிட்டு, பருவம் வரும் வயதில் பயன்படாதவற்றைக் கழிக்கிறது. அந்தக் கழிப்பு எல்லை மீறினால் இந்நோய் வருமோ என்று அமெரிக்காவின் ஃபைன்பெர்க் 1982-இல் ஊகித்தார். பி.டி.என்.எஃப். வெளிவந்த அதே வருஷம் அது. ஒரே ஆண்டில் எருவும் கத்தியும் வெளிச்சத்துக்கு வந்தன, ஆனால் ஒன்றையொன்று அறியவில்லை.

ஊகத்துக்குச் சதையும் எலும்பும் 2016-இல் கிடைத்தன. ஏறக்குறைய 65 ஆயிரம் பேரின் மரபணுக்களை ஒப்பிட்ட ஸ்டீவன் மக்கேரால், பெத் ஸ்டீவன்ஸ் குழுவினர், இந்நோயோடு மிக உறுதியாகப் பிணைந்திருந்த ஆறாவது குரோமோசோமின் பகுதியில், சி-4 என்ற மரபணுவைக் குறித்துக் காட்டினார்கள். அது கிருமியின்மேல் 'இதை விழுங்கு' என்று முத்திரை குத்தும் புரதத்தை ஆக்குவது. மூளையிலோ நரம்பிணைப்புகளின்மேல் அதே முத்திரை விழுகிறது, மைக்ரோக்லியா வந்து விழுங்குகிறது. முத்திரை மிகுதியாகத் தயாராகும் வகையைப் பெற்றவர்களுக்கு நோய் வாய்ப்பும் மிகுதி. மிகுதி என்றால் எவ்வளவு? 100 பேரில் ஒருவருக்கு வரக்கூடியது, அந்த ஒரு மரபுக்கூற்றால், ஏறக்குறைய 80 பேரில் ஒருவருக்கு என்று உயர்கிறது, அவ்வளவே. விதி என்று இதை அழைப்பவன் கணக்கு அறியாதவன்.

இனி, பாம்பு விஷத்தை நினைவுகூர வேண்டிய இடம். மைக்ரோக்லியாவே பி.டி.என்.எஃப்.ஐயும் சுரக்கிறது, சுண்டெலிகளின் மைக்ரோக்லியாவிலிருந்து அதை மட்டும் நீக்கியபோது, அவை புதிதாக ஒன்றைக் கற்கையில் முளைக்க வேண்டிய நரம்பிணைப்புகள் குறைந்தன என்று நியூயார்க்கிலிருந்து 2013-இல் வந்த ஆராய்ச்சி சொல்லிற்று. கத்தி பிடித்த தோட்டக்காரனின் மறுகையில் எருக்கூடை இருக்கிறது. வளர்ச்சிக் காரணியும் அப்படியே இரட்டை முகமுடையது: அது முதலில் ஒரு நீண்ட மூலப் புரதமாகப் பிறந்து, பிறகு நறுக்கப்பட்டுப் பக்குவமாகிறது, பக்குவமானது ஒரு வாசலில் நுழைந்து இணைப்பை உரமாக்க, நறுக்கப்படாத மூலம் வேறொரு வாசலில் நுழைந்து இணைப்பைத் தளர்த்துகிறது. அழற்சி நீடிக்குமிடத்தில் எருவின் சுரப்பு குன்றும் என்பது மிருகப் பரிசோதனைகளில் பலமுறை கண்டது. ஆகவே இந்நோயை எருக் குறைவென்றும் கத்தியின் மிகுதியென்றும் இரண்டாகப் பிரித்துப் பேசுவது, ஒரே தோட்டக்காரனின் இடக்கைக்கும் வலக்கைக்கும் வழக்குத் தொடுப்பது போன்றது.

இவ்வளவு அழகான சித்திரம் கிடைத்தவுடன் கைதட்டிவிடக் கூடாது என்பதற்குத்தான் டிரென்டன் ஊர் நினைவில் இருக்க வேண்டும். மனச்சிதைவுள்ளவர்களின் இரத்தத்தில் பி.டி.என்.எஃப். குறைவு என்று பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்டார்கள், மெய். ஆனால் அதே குறைவு மனச்சோர்வு நோயிலும் காணப்படுகிறது. மேலும் இரத்தத்தில் உள்ள அப்பொருளில் பெரும்பங்கு இரத்தத் தட்டணுக்கள் சுமந்து திரிவது, மூளையிலிருந்து நேராக வந்தது அன்று. அந்தக் காரணியின் மரபணுவில் 66-ஆம் இடத்தில் வாலின் போய் மெத்தியோனின் வருகிற மாற்றத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு காலத்தில் பெரிய நம்பிக்கைகள் கட்டப்பட்டன. எண்ணிக்கை பெருகிய ஆய்வுகளில் அந்தப் பிடி நழுவிற்று. அழற்சியின் கதையும் இதே. பிரிட்டனில் பிரிஸ்டல் வட்டாரத்துக் குழந்தைகளை வயிற்றிலிருந்தே பின்தொடர்ந்த ஆய்வில், 9 வயதில் இன்டர்லூகின்-6 மிகுந்திருந்தவர்களுக்கு 18 வயதில் பிரமை அனுபவங்கள் ஏறக்குறைய இருமடங்கு. அலட்சியப்படுத்த முடியாத செய்திதான். என்றாலும் உடற்பருமனும் புகையும் தூக்கமின்மையும் வறுமையும்கூட இரத்தத்தில் இதே அடையாளத்தை எழுப்பும். இந்நோய் வந்தவர்களுக்கு இவை நான்கும் பெரும்பாலும் கூடவே வருகின்றன. புகை தெரிகிறது, அடுப்பு எந்த வீட்டில் என்பதுதான் வழக்கு.

அடுப்பு நிச்சயமாகத் தெரிந்த ஒரு சந்தர்ப்பம் உண்டு. 2007-இல் ஜோசப் டால்மாவ் விவரித்த மூளை அழற்சியில், உடம்பின் எதிர்ப்பொருளே என்.எம்.டி.ஏ. என்ற நரம்பு வாங்கியைத் தாக்க, பெரும்பாலும் இளம்பெண்கள், சில சமயம் சினைப்பைக் கட்டியொன்றின் காரணமாக, சில வாரங்களுக்குள் பித்தர்களைப் போல ஆகிறார்கள். கட்டியை எடுத்து, எதிர்ப்பை அடக்கும் சிகிச்சை செய்தால் அநேகர் மீள்கிறார்கள். மனநோய் விடுதிகளில் இப்படிப்பட்டவர்கள் முன்னாளில் எத்தனை பேர் சிகிச்சையின்றிக் கிடந்தார்களோ என்று நினைக்கும்போது நெஞ்சு பதறுகிறது. ஆனால் மனச்சிதைவுள்ளவர்களில் அவர்கள் மிகச் சிறுபான்மை.

பெரும்பான்மையோருக்கு என்ன? அழற்சியைத் தணிக்கும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மினோசைக்ளின் என்ற பழைய கிருமிக்கொல்லி, மைக்ரோக்லியாவை அமைதிப்படுத்தும் குணமுடையது. சிறு பரிசோதனைகளில் அது பலன் தந்ததாகத் தோன்றிற்று. பிரிட்டனில் 207 பேரை ஓராண்டுச் சிகிச்சையில் வைத்து நடத்திய பரிசோதனை 2018-இல் வெளிவந்தபோது, மாத்திரைக்கும் வெறும் மாவுக்கும் வித்தியாசம் தென்படவில்லை. பலனில்லை என்ற அந்த முடிவு மறைக்கப்படாமல் அச்சேறியதே, கிரீனேக்கரின் அறிக்கைக்குக் கிடைக்காத மரியாதை. ஒருவேளை எல்லா நோயாளிகளுக்கும் அழற்சி இல்லாமல், ஒரு பகுதியினருக்கு மட்டும் இருக்கலாம். அப்படியானால் அந்தப் பகுதியினரைப் பிரித்தறிவதே முதல் வேலை. என் அபிப்பிராயத்தில், மனச்சிதைவு என்ற ஒரே பெயருக்குள் பல வியாதிகள் ஒண்டுக்குடித்தனம் இருக்கின்றன. பிளாய்லரே தம் புஸ்தகத்தின் தலைப்பில் இந்நோயைப் பன்மையில்தான் குறித்தார்.

இதற்கிடையில், எருவையும் கத்தியையும் அளக்காமலே நோயாளிகளைப் பேணியவர்கள் உண்டு. சென்னையில் 1981 முதல், நோய் முதன்முறையாகத் தாக்கிய 90 பேரை, டாக்டர் தாராவும் அவருடைய சகாக்களும் இருபது வருஷங்களுக்கு மேல் விடாமல் பின்தொடர்ந்தார்கள். இளமையிலேயே புத்தி மழுங்கி அழிவதே இந்நோயின் கதி என்று கிரேபெலின் வரைந்த கறுப்புக் கோட்டை அந்த 90 பேரில் பலர் தங்கள் வாழ்க்கையாலேயே அழித்துக் காட்டினார்கள். அவர்கள் உண்ட மருந்துகளின் ஆதிபுருஷனான குளோர்புரோமஸீன், 1952-இல் பாரிஸில் மனநோய்க்கு முதன்முதல் கொடுக்கப்பட்டபோது, ஒவ்வாமையைத் தணிக்கும் மருந்துகளின் வம்சத்திலிருந்துதான் வந்தது என்பது, இந்த விஷயத்தில் மிகுந்து கிடக்கும் தற்செயல்களுள் இன்னொன்று.

அந்த அம்மாளுக்கு வருகிறேன். 1948-இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனமருத்துவர், பிள்ளைக்கு மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்றொரு தொடரை எழுதிவைத்தார். ஒரு தலைமுறைக் காலம், மேனாட்டுத் தாய்மார்கள் தங்கள் பாசத்திலோ பாசக்குறைவிலோ பிள்ளையின் பித்துக்குக் காரணம் தேடிக் கண்ணீர் விட்டார்கள். அந்தக் கொடுஞ்சொல் ஒழிந்தது. பாசத்தின் இடத்தில் இப்போது ஜுரம் வந்து உட்கார்ந்துகொண்டால், நாம் திருந்தியதாக அர்த்தமில்லை. கர்ப்பத்தில் ஜுரம் கண்ட தாய்மாரில் மிகப் பெரும்பாலோரின் பிள்ளைகளுக்கு இந்நோய் வரவில்லை. இந்நோய் வந்தவர்களின் தாய்மாரில் அநேகருக்கு ஜுரமே வந்ததில்லை. பல ஆயிரம் பேரின் கணக்கில் மட்டும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு சாய்வை, ஒரு வீட்டின் கூடத்தில் வைத்துத் தீர்ப்பாக வாசிக்க முடியாது. இதை அன்றே அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை.

ஆகவே வாசகரிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ ஓர் இளம்பிள்ளை ஒதுங்கி, உறக்கம் கெட்டு, இல்லாத குரலுக்குப் பதில் பேசத் தொடங்கினால், மருத்துவரிடம் தாமதமின்றிக் கொண்டுசெல்லுங்கள். வயிற்றிலிருந்தபோது ஜுரம் வந்ததா என்ற கேள்வியைக் கேட்கவேண்டிய அவசியம் இருந்தால் அந்த மருத்துவர் கேட்கட்டும். நீங்கள் கேட்க வேண்டாம்.